நேப்பிள்ஸ் தெருவிலிருந்து தென்னேரிக் கரைக்கு

சென்ற தவக்காலத்தின் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. தென்னேரியை அடுத்த சிற்றூர் ஒன்றில் சிலுவைப்பாதையை முடித்துவிட்டு, ஒரு வீட்டுத் திண்ணையில் சற்று அமர்ந்திருந்தேன். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் அவ்வீட்டு இளைஞர், சம்பளம் வந்த மகிழ்ச்சியில், சதுரமான அட்டைப்பெட்டி ஒன்றை வண்டியின் முன்புறத்தில் ஏந்தியபடி வந்து இறங்கினார். பெட்டி திறக்கப்பட்டது. எழுபதைக் கடந்த அவருடைய பாட்டி குனிந்து உற்றுப் பார்த்தார்.

"இது இன்னாடா, அடையாட்டம் கீது?"

"பீட்சா ஆயா."

பாட்டி அதற்குமேல் பேரனிடம் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "சாமி, இன்னிக்கி சுத்தபோசனமாச்சே, இத்தத் துன்னலாமா?"

மாவும் தக்காளியும் பாலாடைக்கட்டியும் மட்டுமே அதில் இருந்தன, இறைச்சி இல்லை. தாராளமாக உண்ணலாம் என்றேன். ஒரு துண்டை வாங்கிப் பொறுமையாக மென்றவர், "உப்புக் கம்மி" என்று தீர்ப்புக் கூறிவிட்டு எழுந்து போனார். அப்பெட்டியின் விலை அந்த இளைஞரின் ஒருநாள் ஊதியத்தை நெருங்கியது என்பதைப் பிறகு அறிந்தேன்.

மறையுரையில் 'மேல்நாட்டு மோகம்' என்ற சொல்லை நான் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சொல்லோடு பீட்சாவையும் பர்கரையும் சேர்த்து அடுக்குவது எளிது, கேட்போரும் தலையசைப்பர். ஆனால் அன்றைய பாட்டியின் கேள்வி வேறொரு கேள்வியை எனக்குள் விட்டுச் சென்றது. உண்ணலாமா என்று கேட்டார், விடை சொல்லிவிட்டேன். இது யாருடைய உணவு என்று கேட்டிருந்தால் எனக்கு விடை தெரிந்திராது. அதைத் தேடிச் சில வாரங்கள் வாசித்ததன் பயனே இக்கட்டுரை.

தென்னேரிக்கும் உணவு வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு. வாலாஜாபாத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் இடையில் கடல்போல் விரிந்து கிடக்கும் இவ்வேரியின் பெயர் திரையன் ஏரி என்பதிலிருந்து வந்தது என்றும், அத்திரையன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் என்றும் சொல்லும் மரபு உள்ளது. அம்மன்னனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியதே பெரும்பாணாற்றுப்படை. வறுமையில் வாடும் பாணன் ஒருவனை மன்னனிடம் வழிகாட்டி அனுப்பும் அந்நூலைக் கூர்ந்து வாசித்தால், அது பாதிக்குமேல் ஒரு சோற்றுவழிப் படம் என்பது புலப்படும். எயினர் குடியிருப்பில் உடும்புக் கறியோடு சோறு கிடைக்கும். ஆயர் தினைச்சோற்றோடு பால் தருவர். உழவர் வெண்சோறும் கோழியும் தருவர். அந்தணர் இல்லத்தில் மாதுளங்காயும் மாங்காய் ஊறுகாயும் உண்டு. ஊரறியாத ஏழை ஒருவன் சாலையில் நடந்து போகிறான். ஒவ்வொரு குடியினரும் தமக்கு உள்ளதை அவனுக்கு இடுகின்றனர். தொண்டை நாட்டின் பழைய பெருமை அது. இதை நினைவில் வைத்துக்கொண்டு இத்தாலிக்குப் போவோம்.

பீட்சா என்னும் சொல் கிடைக்கும் மிகப் பழைய ஆவணம் கி.பி. 997-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நம் பகுதியை முதலாம் இராசராசன் ஆண்ட காலம். உரோமைக்கும் நேப்பிள்சுக்கும் இடையே கடற்கரையில் உள்ள கயேத்தா நகரின் ஆயருக்கு, குத்தகைதாரர் ஒருவர் கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவன்று 12 பீட்சாக்களும், பாஸ்கா ஞாயிறன்று 12 பீட்சாக்களும் செலுத்த வேண்டும் என்கிறது அந்த இலத்தீன் ஏடு. ஆயருக்கு அளந்த வரி ஏழையின் உணவாக மாறியது பிற்காலத்தில். அன்றைய பீட்சாவில் தக்காளி இருந்திருக்க வழியே இல்லை. தக்காளி அமெரிக்கக் கண்டத்துக் காய். கொலம்பசுக்குப் பிறகு 16-ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பா அதைக் கண்டது. அதை நெடுங்காலம் நஞ்சென்று அஞ்சியவர்களும் உண்டு. நம் பாட்டியின் குழம்பில் கொதிக்கும் தக்காளியும் மிளகாயும் அதே கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவையே. 'அந்நிய உணவு' என்று விரல் நீட்டுவதற்குமுன் நம் அம்மியையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

18, 19-ஆம் நூற்றாண்டுகளில் நேப்பிள்ஸ் ஐரோப்பாவின் மிக நெருக்கமான நகரங்களுள் ஒன்று. துறைமுகத்தில் மூட்டை தூக்குவோர், மீனவர், நாள்கூலிகள் ஆகியோர் ஒற்றையறை வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தனர். சமைக்க அடுப்பில்லாத அவர்கள் தெருவிலேயே உண்டனர். தட்டையாகத் தட்டிய மாவின்மேல் பூண்டு, பன்றிக்கொழுப்பு, பொடிமீன், கிடைத்தால் தக்காளி. 1830-களில் அந்நகருக்கு வந்த பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமா, ஏழைகள் குளிர்காலத்தில் பீட்சாவையும் கோடையில் தர்ப்பூசணியையும் கொண்டே உயிர்வாழ்வதாக எழுதினார். இன்று உண்டு, எட்டாம் நாள் விலை கொடுக்கும் பீட்சாவும் இருந்ததாம். கடனுக்கு உண்ணும் அப்பம்! கூலி வரும் நாளை எதிர்பார்த்து மளிகைக் கடையில் கணக்கு வைத்து வாழ்ந்த குடும்பங்களில் பிறந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1831-இல் வேறொரு விருந்தினர் அங்கு வந்தார். தந்திக் கருவியால் பின்னாளில் உலகப் புகழ் எய்திய அமெரிக்கரான சாமுவேல் மோர்ஸ். பீட்சாவைப் பார்த்ததும் அவருக்குக் குமட்டியது; சாக்கடையைத் தொட்டு உவமை சொல்லும் அளவுக்கு அருவருப்போடு எழுதி வைத்தார். சுவை அவரவர் உரிமை. அதற்காக அவரைக் குறை கூற மாட்டேன். ஆனால் இதே மோர்ஸ் 1835-இல், கத்தோலிக்கர் அமெரிக்காவுக்குள் குடியேறுவது அந்நாட்டின் விடுதலைக்கு எதிரான சதி என்று வாதிடும் நூலை வெளியிட்டார். மறு ஆண்டு அக்கொள்கையை முன்வைத்து நியூயார்க் நகரத்தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். உணவின்மீது கொண்ட அருவருப்பும் அதை உண்போர்மீது கொண்ட அச்சமும் ஒரே நெஞ்சில் குடியிருந்தன.

பீட்சாவின் வரலாற்றில் எல்லாரும் சொல்லும் கதை 1889-ஐச் சேர்ந்தது. நேப்பிள்சுக்கு வந்த அரசி மார்கரீத்தாவுக்கு இரஃபாயேலே எஸ்பொசித்தோ என்னும் சமையற்காரர் தக்காளி, வெண்ணிற மோசரெல்லா, பச்சைத் துளசியினத் தழை ஆகியவற்றை இட்டு இத்தாலியக் கொடியின் மூவண்ணத்தில் பீட்சா செய்தளித்தார் என்பதும், அதனால் அதற்கு அரசியின் பெயர் வந்தது என்பதும் கதை. அரண்மனை அனுப்பியதாகக் கூறப்படும் நன்றிக் கடிதம் ஒன்றும் அக்கடையில் உள்ளது. அது உண்மையானதா என்று இன்றைய ஆய்வாளர்கள் ஐயுறுகின்றனர். அந்த மூன்று பொருள்களும் சேர்ந்த பீட்சா அதற்கு முன்பே தெருவில் இருந்தது என்பதற்கும் சான்று உண்டு. அரசி தொட்ட பிறகே ஏழையின் உணவுக்கு மதிப்பு வரும் என்று நம்பும் மனம் எல்லா நாட்டிலும் இருக்கிறது போலும்.

அதே 1889-இல் நடந்த இன்னொன்று ஐயத்துக்கு இடமில்லாத வரலாறு. தம் பெயரோடு புனித சவேரியாரின் பெயரையும் சேர்த்துக்கொண்டு, அவரைப் போலவே கீழ்த்திசைக்குச் சென்று சீனாவில் நற்செய்தி அறிவிக்கத் துடித்த அருள்சகோதரி பிரான்செஸ்கா கபிரினியைத் திருத்தந்தை 13-ஆம் லியோ மேற்கே திருப்பிவிட்டார். மார்ச் 31-ஆம் நாள் அவர் நியூயார்க்கில் இறங்கினார். காரணம், இத்தாலியின் தென்பகுதியே பெயர்ந்து அமெரிக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 1880-க்கும் 1920-க்கும் இடையே 40 இலட்சம் இத்தாலியர் அங்கே சென்றனர். நேப்பிள்ஸ், கலாபிரியா, சிசிலி ஆகிய பகுதிகளின் நிலமற்ற உழவர்களே அவர்களுள் பெரும்பாலோர். சுரங்கப்பாதை தோண்டினர், சாலை போட்டனர், செங்கல் சுமந்தனர்.

அவர்களை எதிர்கொண்டது மோர்சின் வாரிசுகள் மட்டும் என்றால் எனக்கு இவ்வளவு வலித்திராது. அமெரிக்கத் திருச்சபை அன்று அயர்லாந்து வழியினரின் கையில் இருந்தது. பூண்டு வாடையோடும், தெருவெல்லாம் சுருபம் தூக்கும் பழக்கத்தோடும் வந்த இத்தாலியர் அவர்களுக்குப் படிப்பற்ற கூட்டமாகத் தெரிந்தனர். பல பங்குகளில் இத்தாலியருக்கு மேற்கோவிலில் இடம் தரப்படவில்லை. அதே கட்டடத்தின் அடித்தள அறையில் அவர்களுக்குத் தனித் திருப்பலி நடந்தது. ஒரே நற்கருணை, ஒரே கூரை, இரண்டு தளங்கள். நம் நாட்டுக் கோவில்களில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கி நடுவில் சுவர் எழுப்பிய வரலாற்றை அறிந்தவர்கள் இதைக் கேட்டு வியக்க மாட்டார்கள்.

1891-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 11 இத்தாலியரை வெறிக்கூட்டம் கொன்றது. மறு ஆண்டே கபிரினி அம்மையார் அந்நகருக்குச் சென்று பணித்தளம் தொடங்கினார். 15 ஆண்டுகள் கழித்து, 1906-இல், அதே நகரின் சிசிலிய மளிகைக்கடை ஒன்றில் ஓர் உணவு பிறந்தது. அக்கடைக்கு வரும் தொழிலாளர்கள் வட்டரொட்டி, உப்பிறைச்சி, பாலாடைக்கட்டி, ஒலிவக்காய் ஊறுகாய் என்று தனித்தனியே வாங்கி, மரப்பெட்டிகளின்மேல் அமர்ந்து மடியில் வைத்துத் தடுமாறி உண்பார்களாம். அதைக் கண்ட கடைக்காரர் எல்லாவற்றையும் ரொட்டிக்குள் வைத்து ஒன்றாக மடித்துக் கொடுத்தார். 'மஃபலெத்தா' என்னும் சாண்ட்விச்சின் கதை இது. வேலைக்கிடையே கைகழுவ நேரமில்லாதவனின் கட்டுச்சோறு என்று அதைச் சொல்லலாம்.

நியூயார்க்கில் பீட்சாக் கடைகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றின. ஜென்னாரோ லொம்பார்தி 1905-இல் தொடங்கியதே முதற்கடை என்று நெடுநாள் கூறிவந்தனர். அவருக்கு முன்பே பிலிப்போ மிலோனே என்பவர் கடை வைத்திருந்தார் என்று அண்மை ஆய்வு காட்டுகிறது. விறகுக்குப் பதில் நிலக்கரி; அதன் கடும் அனலில் பீட்சா பெரிதாயிற்று, மொறுமொறுப்பாயிற்று. காகிதத்தில் சுற்றி நூலால் கட்டி வேலைத்தலத்துக்கு எடுத்துச் சென்றனர்.

பெரிதாயிற்று என்ற சொல்லில் இன்னும் சிறிது நேரம் நிற்க விரும்புகிறேன். தென் இத்தாலியின் உழவன் இறைச்சியைக் கண்டது கிறிஸ்து பிறப்புக்கும், பாஸ்காவுக்கும், ஊர்ப் பாதுகாவலர் திருவிழாவுக்குந்தான். அமெரிக்காவில் கூலி குறைவென்றாலும் இறைச்சி மலிவு. ஊரில் எலுமிச்சை அளவில் இருந்த கறியுருண்டை அங்கே கைப்பிடி அளவாயிற்று. பாலாடைக்கட்டி பீட்சாவை முழுதாக மூடியது. பிறந்த மண்ணில் திருவிழாவுக்கு மட்டும் கிடைத்ததை, வந்த மண்ணில் அன்றாடம் உண்ண முடிந்தவனின் களிப்பு அது. இத்தாலிய அமெரிக்க உணவு அளவுமீறியது என்று இன்று இத்தாலியரே ஏளனம் செய்வதுண்டு. பசித்திருந்தவர்கள் கண்ட விருந்துக் கனவு அது என்பதை மறந்தவர்களின் ஏளனம்.

திண்ணையில் கண்ட பாட்டியும் இதையே வேறு சொற்களில் சொன்னார். அவர் சிறுமியாய் இருந்தபோது நெற்சோறு பொங்கலுக்கும் கிறிஸ்துமசுக்கும் மட்டும். மற்ற நாளெல்லாம் கேழ்வரகுக் கூழும் களியும். நாற்று நட்டவர் வீட்டில் நெல் இல்லை. இட்டலி என்பது ஆண்டுக்கு ஒருமுறை. இன்று இட்டலி அவருக்குக் காய்ச்சல்காரர் உணவாகிவிட்டது.

உணவு அதை உண்டவர்களின் தெருவைத் தாண்டியபோது என்ன நடந்தது என்பதை விரைந்து சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கர் அனைவரும் பீட்சா உண்ணத் தொடங்கினர். இத்தாலியக் கடைக்காரரும் வருவோர் கேட்டதையெல்லாம் வைத்தார். ஜெர்மானியக் குடியேறிகளோடு தொடர்புடைய பர்கரும் அவருடைய விலைப்பலகையில் ஏறியது. கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் 1921-இல் பர்கர் சங்கிலிக் கடையும், 1958-இல் கார்னி சகோதரர்கள் தாயிடம் 600 டாலர் கடன்பெற்றுத் தொடங்கிய பீட்சா ஹட்டும் பிறந்தன. 1962-இல் சின்சினாட்டியில் கத்தோலிக்கர் நிறைந்த பகுதியில் மெக்டொனால்ட்ஸ் கடை நடத்திய ஒருவர், வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனத்தால் வியாபாரம் படுத்துப்போவதைக் கண்டு மீன் பர்கரை உருவாக்கினார். தென்னேரிப் பாட்டியின் கேள்வி அவருடைய கல்லாப்பெட்டியையும் தட்டியிருக்கிறது.

டோமினோஸ் நிறுவனத்தை 1960-இல் தம் சகோதரரோடு தொடங்கிய தாமஸ் மோனகன், நான்கு வயதில் தந்தையை இழந்து, அருள்சகோதரிகள் நடத்திய அநாதை இல்லத்தில் சில காலம் வளர்ந்தவர். சிறிது காலம் குருமடத்திலும் இருந்தவர். 1998-இல் நிறுவனத்தை விற்றுப் பெரும்பகுதியைக் கத்தோலிக்கக் கல்விக்குச் செலவிட்டார். போற்றத்தக்கதே. ஆயினும் 30 நிமிடத்தில் வீடு சேர்க்கும் அந்நிறுவனத்தின் வாக்குறுதி, சாலை விபத்து வழக்குகளையடுத்து 1993-இல் அமெரிக்காவில் கைவிடப்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சூடான அப்பத்துக்காக யாரோ ஓர் ஏழை இளைஞன் சாலையில் விரைகிறான்.

இந்தியாவுக்கு இவ்வுணவு அமைப்பாக வந்தது 1996-இல். ஜனவரியில் டில்லியில் டோமினோஸ், அதே ஆண்டு பெங்களூரில் பீட்சா ஹட், சென்னையில் பீட்சா கார்னர், அக்டோபரில் டில்லியில் மாட்டிறைச்சியில்லாத மெக்டொனால்ட்ஸ். உருளைக்கிழங்கு பர்கரானது; பனீர் பீட்சாவின்மேல் ஏறியது. இன்று டோமினோஸ் கடைகள் மட்டும் நாட்டில் 2,000-ஐக் கடந்துவிட்டன. ஊர்களில் அதற்கொரு தம்பியும் உண்டு: பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியில் வெங்காயமும் குடமிளகாயும் தூவிய பன் பீட்சா. என் கணிப்பில் நேப்பிள்ஸ் தெருவின் உண்மையான உறவினன் அவன்தான். மோசரெல்லாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் பழைய வடிவம் எருமைப்பாலில் செய்வது. எருமை இத்தாலிய விலங்கன்று. அது வீட்டு விலங்கானது நம் துணைக்கண்டத்தில், இத்தாலியை அடைந்தது இடைக்காலத்தில். தென்னேரிச் சேற்றில் படுத்திருக்கும் எருமைகளின் ஒன்றுவிட்ட சகோதரிகளே நேப்பிள்சுக்குப் பால் தருபவை.

அதே 1996-இல்தான் திருப்பெரும்புதூர்ப் பகுதியில் கார்த் தொழிற்சாலைகளின் காலமும் தொடங்கியது. அதைத் தொடர்ந்து ஒரகடமும் சுங்குவார்சத்திரமும் வளர்ந்தன. நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது; நம் பிள்ளைகள் அல்லாதவர்களும் வந்தனர். தென் மாவட்டங்களிலிருந்து பெண்கள், ஒடிசாவிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் இளைஞர்கள். 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் நோயுற்றபோது, அவர்களுடைய தோழியர் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இளந்திரையனின் நாட்டில், வழிவந்தவருக்கு இட்ட சோற்றின் கதை அப்படி ஆயிற்று.

சார்க்கண்டின் கும்லா, சிம்டேகா பக்கத்து இளைஞர்கள் சிலர் எங்கள் கோவிலுக்கு வருகிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர். நம்மைவிட நன்றாகப் பாடுவார்கள். இந்தியில் திருப்பலி வேண்டும் என்று கேட்டபோது, அதற்கென ஒரு குருவை வரவழைத்துத் தந்தேன். இடமும் தந்தேன்: கோவிலுக்குப் பின்னால் நாற்காலிகளும் தேர்ச் சாமான்களும் கிடக்கும் தகரக் கொட்டகை. பிரதான கோவிலில் நடத்தினால் நம் மக்களின் நேரத்துக்கு இடைஞ்சல் என்று பங்குப்பேரவையில் ஒருவர் சொன்னார். நானும் சரி என்றேன். நியூயார்க்கின் அடித்தளக் கோவில்களைப் பற்றி வாசித்த இரவில் அந்தத் தகரக் கொட்டகை என் கண்முன் வந்து நின்றது. வேறொரு நூற்றாண்டின் அயர்லாந்துக் குருக்களைக் குறைகூறிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

பாஸ்காவுக்குப் பிந்திய ஞாயிறு முதல் அவர்களுடைய திருப்பலி உள்ளே, பீடத்தில் நடக்கிறது. சிலர் முணுமுணுக்கிறார்கள். முதல் ஞாயிறன்று அவ்விளைஞர்கள் எண்ணெயில் பொரித்த 'துஸ்கா' என்னும் பலகாரத்தைப் பெரிய பாத்திரத்தில் கொண்டுவந்து வாசலில் நின்று எல்லாருக்கும் கொடுத்தனர். நம்மவர் பலர் வேண்டாம் என்று சிரித்து நழுவினர். திண்ணைப் பாட்டி மட்டும் ஒன்றை எடுத்துப் பிய்த்துப் பார்த்தார்.

"அரிசியும் கடலப்பருப்புந்தானே? எத்தினி நேரம் ஊற வெச்ச?"

அந்தப் பையனுக்குத் தமிழ் அரைகுறை. விரல்களை விரித்துக் காட்டினான்: நான்கு மணி நேரம்.

"பத்தாது. ராவெல்லாம் ஊறணும்" என்றார் பாட்டி. பிறகு என் பக்கம் திரும்பி, "உப்பு சரியா கீது சாமி" என்று சொல்லிக்கொண்டே இன்னொன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.